பெர்ஷியன் பூனைக்கு வீட்டிலேயே சடை எடுப்பது: எந்தக் கருவி உழைக்கிறது, எது ஏமாற்றுகிறது

சிக்கு வேறு, சடை வேறு. விரலால் பிரித்தால் இழை இழையாகப் பிரிவது சிக்கு. கம்பளித் துண்டு மாதிரி இறுகி, தூக்கினால் தோலும் கூடவே எழும்பி வருவது சடை. சிக்கைச் சீப்பால் எடுக்கலாம். சடையை முடி மழிக்கும் மெஷினால் (கிளிப்பர்)தான் எடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்வதால்தான் பூனை சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது.

பல வருடப் பயன்பாட்டில் முதல் இடம் சாதாரண ஸ்டீல் சீப்புக்கு. ஒரு பாதி அகலப் பல், மறு பாதி நெருக்கப் பல், சுமார் 19 செ.மீ. நீளம். வளையாது, தேயாது. ஸ்லிக்கர் பிரஷை (நெருக்கமான மெல்லிய கம்பிகள் வைத்த பிரஷ்) மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்: மேல்முடி பஞ்சாகப் பூத்து நிற்கும், அடிமயிர் உள்ளே இறுகிக்கொண்டே இருக்கும். பிரஷ் போட்டபின் அகலப் பல்லைத் தோல்வரை இறக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கேதான் அடுத்த வாரம் சடை விழும். ஸ்லிக்கரை ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து எரியும். கம்பி கோணிப்போன பிரஷைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உதிர்முடி எடுக்கும் பிளேடு வைத்த கருவி சடைக்கு உதவவே உதவாது.

சடை விழும் இடங்கள்: காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், வயிறு, பின்தொடை. குண்டான பூனைக்கும் மூட்டுவலி வந்த கிழப்பூனைக்கும் நாக்கு எட்டாததால் இடுப்பின் மேலும் விழும்.

சிக்காக இருந்தால், ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளாரைத் தூவி விரலால் தேய்த்துவிடுங்கள். பிசுக்கு குறைந்து இழைகள் வழுக்கும். பிறகு முடியின் அடியை, தோலை ஒட்டி, இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு தோலுக்குப் போகாமல் அந்த விரலிலேயே நின்றுவிடும். நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடியை நோக்கிச் சீவ வேண்டும். டால்கம் பவுடர் வேண்டாம், மூச்சில் ஏறும். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு விஷம்.

சடைக்குக் கத்தரிக்கோல் எடுக்கவே கூடாது. பூனைத் தோல் மிக மெலிது. சடையைத் தூக்கும்போது அது கூடாரம்போல் உள்ளே எழும்பி நிற்கும். முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும். அதுபோல, சடை எடுக்காமல் குளிப்பாட்டவும் கூடாது. நனைந்து காய்ந்தால் இன்னும் இறுகிவிடும்.

கிளிப்பரில் 10-ஆம் நம்பர் பிளேடு போதும், சுமார் 1.5 மி.மீ. முடியை விட்டுவைக்கும். பல் இடைவெளி பெரிதாக உள்ள பிளேடுகளில் தோல் மாட்டிக்கொள்ளும். தாடி ட்ரிம்மர் இந்த அடர்த்தியில் திணறி முடியைப் பிடுங்கும். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, பிளேடைப் படுக்கவைத்து, தோலுக்கும் சடைக்கும் நடுவே மெதுவாக நகர்த்துங்கள். சடை ஒரே துண்டாக, கம்பளிபோல் கழன்று வரும். அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். விலாவையும் பின்தொடையையும் இணைக்கும் மெல்லிய தோல் மடிப்பிலும், முலைக்காம்புகளிலும் அதிகக் கவனம் தேவை. ஆண் பூனைக்கும் காம்பு உண்டு, மறந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரு சொட்டு பிளேடு எண்ணெய் விட்டால் பிளேடு நெடுநாள் உழைக்கும்.

ஒரு நேரத்துக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், அவ்வளவுதான். வால் அடிப்பதும், காது பின்னால் மடிவதும், முதுகுத் தோல் துடிப்பதும் போதும் என்று அது சொல்வதுதான். வாய் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நொடியே விட்டுவிடுங்கள். உடம்பு முழுக்க ஒரே போர்வையாக இறுகியிருந்தாலோ, அடியில் புண்ணோ நாற்றமோ இருந்தாலோ வீட்டில் முயலாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம்.

எடுத்த இடம் ஓரிரு நாள் சிவந்திருக்கும். காதோரச் சடை போனபின் பூனை விடாமல் தலையை உதறினால் காது மடலில் ரத்தம் கட்டி வீங்கலாம், அதைக் கவனியுங்கள். நீள முடி பழையபடி வளர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஹிமாலயன் பூனைக்கு (முகமும் காதும் வாலும் அடர்நிறமாக இருக்கும் பெர்ஷியன் வகை) மட்டும் மழித்த இடத்தில் முடி முதலில் கருத்து முளைக்கும். அந்த இடம் குளிர்ந்திருப்பதால் வரும் நிறம் அது. அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கும்போது சரியாகிவிடும்.