லெம்ஸ் பார்பிக்யூ, சிகாகோ: இங்க வர எனக்கு ஆறு வருஷம் ஆச்சு

இந்தக் கடை, கறுப்பின மக்கள் அதிகமா வாழுற சவுத் சைடு (ஊரோட தென்பகுதி) 75வது தெருவுல இருக்கு, இவ்வளவு நாள் வராததுக்கு ஒரே காரணம் பயம்தான். சிகாகோ வந்த முதல் வாரமே நம்மாளுங்க "அந்தப் பக்கம் போயிராதீங்க, சுட்டுருவாங்க"ன்னாங்க, யாரு சுடுவாங்கன்னு சொல்லாமலே புரிஞ்சுது, அப்புறம் டவுன்டவுன்ல ஒரு கறுப்பினப் பையன் ஹூடி போட்டு எதிர்ல வந்தாக்கூட பேக்கை இறுக்கிப் பிடிச்சிருக்கேன், இப்ப நினைச்சா ரொம்ப வெட்கமா இருக்கு. 2021ல சிட்டில கிட்டத்தட்ட 800 கொலை, பொய் இல்ல. ஆனா செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பின மக்கள்தான், நம்மள விட அதிகமா பயந்து வாழுறது அவங்கதான். 2024ல கொலை எண்ணிக்கை 600க்கும் கீழ இறங்கிருச்சு, அந்த நியூஸை மட்டும் எங்க குரூப்ல ஒருத்தரும் ஃபார்வர்ட் பண்ணல.

சரி சாப்பாடு. மிசிசிப்பில இருந்து வந்த அண்ணன் தம்பிங்க 1954ல ஆரம்பிச்சது, 2025ல ஜேம்ஸ் பியர்ட் அவார்டு (அமெரிக்க சாப்பாட்டு உலகத்தோட பெரிய விருது) வாங்கியிருக்கு. பார்சல் மட்டும்தான். மீன் தொட்டி மாதிரி பெரிய கண்ணாடி ஸ்மோக்கர், உள்ள விறகுத் தீயில கறி வேகுது, வாசனை தெருமுனை வரைக்கும் வருது. ரிப் டிப்ஸ் (பன்றி விலாவோட நுனித் துண்டுகள்) ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, நல்லா கடிச்சு இழுக்கணும், அடியில இருக்குற ஃப்ரைஸும் பிரெட்டும் அந்த சாஸ்ல ஊறிப் போய் இன்னும் சூப்பரா இருக்கு. வரிசைல எனக்கு முன்னாடி நின்ன ஒரு கறுப்பினப் பெரியம்மா "முதல் தடவையாம்மா, ஹாட் லிங்க்ஸும் சேர்த்து வாங்கு"ன்னு சொன்னாங்க, அது காரமான சாசேஜ், வாங்கினேன், அடுத்த தடவை அதுதான் முதல்ல ஆர்டர் பண்ணுவேன். டிஷ்யூ நிறைய கேட்டு வாங்கிக்கோங்க.