மூன்று ஆண்டுகளாக வகுப்பில் ஓர் ஒளி ரிசீவர்

தக்கலைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் சிக்னல் பிராசஸிங் (அலைகளைக் கணக்கிட்டு ஆராயும் பாடம்) நடத்துகிறேன். ஒளியை மின்னோட்டமாக்கும் பிபிடபிள்யூ34 ஃபோட்டோடையோடு, அதைப் பெருக்கும் ஓர் ஆப்-ஆம்ப், எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், அளந்து கணினிக்கு அனுப்பும் ஆர்டுயினோ ஊனோ போர்டு. இவற்றைக் கொண்டு மாணவர்களே சால்டர் செய்யும் ஒளி ரிசீவர்தான் மூன்று ஆண்டுகளாக என் செய்முறை வகுப்பு.

முதல் நாள் டியூப்லைட்டை நோக்கித் திருப்பினால், எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கணினித் திரையில் 100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 100 முறை) ஒரு கோடு எழும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பிரகாசிக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, அந்தக் கோட்டின் இருபுறமும் 85-இலும் 115-இலும் சிறு கோடுகளைக் கண்டாள். சால்டரில் கோளாறு என்றே நினைத்தேன். "சார், ஃபேனை நிறுத்தினால் இரண்டும் மறைந்துவிடுகின்றன" என்றாள். நிமிடத்துக்கு 300 சுற்று, மூன்று இறக்கை. நொடிக்கு 15 முறை ஒளி மறிக்கப்படுகிறது. ஓர் அலையின் வலிமையை இன்னொன்று ஏற்றி இறக்கும்போது அதன் இருபுறமும் தோன்றுபவை பக்கப்பட்டைகள். கரும்பலகையில் கோசைன்களைப் பெருக்கி ஆண்டுக்கணக்கில் நான் விளக்கியவை அவைதாம்! திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸில் குரலை ஏற்றி அனுப்பியதும் இதே கணக்கில்தான். அன்று மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ரெகுலேட்டரைக் கூட்டியும் குறைத்தும் அந்தக் கோடுகள் விலகி நெருங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது டிவி ரிமோட். அதன் 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை நொடிக்கு 8,000 மாதிரிகளாக எடுத்தால் ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸில் தெரியும். 7,000 ஆக்கினால் 3,000-க்குத் தாவும். ரிமோட்டை யாரும் தொடவில்லை, கோடு மட்டும் இடம் மாறுகிறது. ஓர் அலையைச் சரியாகக் காண அதன் அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும் என்ற நைக்விஸ்ட் விதியை இதற்குப் பிறகுதான் பலகையில் எழுதுகிறேன். முன்பு நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன். அந்த மாணவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. பகல் வெளிச்சத்தில் ஆப்-ஆம்ப் உச்சத்தில் ஒட்டிக்கொள்கிறது. மாறாத வெளிச்சத்தின் பங்கைத் தடுக்க வெளியீட்டில் கெப்பாசிட்டர் போட்டுப் பார்த்தோம், பயனில்லை. முன்பே வெட்டுப்பட்ட அலையை அது எப்படி மீட்கும்? கறுப்பு பிவிசி குழாய் மாட்டி, ரெசிஸ்டரை 10 கிலோ ஓம் ஆக்கியதும் சரியானது. முட்டத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் வீட்டில் வைத்திருந்த போர்டில் உப்புக் காற்றால் செம்பு பச்சை பூத்துவிட்டது. இப்போது சால்டர் முடிந்ததும் வார்னிஷ் பூசுகிறோம்.

வரும் பருவத்தில் இரண்டு ரெசிஸ்டர்களையும் ஒரே போர்டில் வைத்து, மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் சேர்க்கப்போகிறோம். ஜன்னலுக்குத் திரை போடும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்.