இரண்டு வருடம் கழித்துக் கண்ணில் பட்ட மீடியா லேப்

பாளையங்கோட்டையில் நான் பி.காம் கடைசி வருடம் படிக்கும் கல்லூரியில், நூலகத்துக்கு மேல்மாடியில் ஒரு மீடியா லேப் இருக்கிறது, படம், வீடியோ, ஆடியோ எடிட் பண்ணுகிற இடம். அது விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன கார்த்திகையில் மழைக்கு அங்கே ஒதுங்கியபோது கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துத்தான் விஷயமே தெரிந்தது. ஐடி கார்டு இருந்தால் எந்தத் துறை மாணவரும் உட்காரலாம், கையெழுத்துப் போட்டுவிட்டு கேமராவை இரண்டு நாளைக்கு வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். காசு கிடையாது.

மாசியில் அந்தக் கேமராவோடு மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். ஊருக்குள் வீட்டோரத்து மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும், பறவைகளுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள். உச்சி வெயிலில் எடுத்ததால் என் லேப்டாப்பில் பார்த்தால் நாரை உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை, இறகு என்று ஒன்றுமே தெரியவில்லை. சரி, போச்சு என்றுதான் நினைத்தேன்.

லேப் அண்ணாச்சி ஒரே கேள்விதான் கேட்டார், "ரா ஃபைல் இருக்கா தம்பி?" கேமராவைத் தரும்போதே, வழக்கமான ஜேபெக் படத்தோடு, கேமரா பிடித்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலும் பதிவாகும்படி அவர்தான் மாற்றிக் கொடுத்திருந்தார். அதை டார்க்டேபிள் என்கிற ரா ஃபைல் திருத்தும் மென்பொருளில் திறந்து எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, மெதுவாகக் குறைக்கக் குறைக்க, முதலில் முதுகின் மடிப்புகள், அப்புறம் வால் பக்கத்து ரோஸ் இறகுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன, நான் பேச்சே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. ஜேபெக் ஆக்கும்போது வெட்டுப்பட்டுப் போகும் வெளிச்சம் ராவில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும், ஆனால் ரொம்பவே வெளுத்துப்போனால் அதிலும் மீட்க முடியாது என்று அண்ணாச்சி சொன்னார்.

டார்க்டேபிள், போட்டோஷாப் மாதிரியே படம் திருத்தும் ஜிம்ப் எல்லாம் இலவசம், வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். அதனால் லேப்பின் உண்மையான சொத்து அங்கே இருக்கும் மானிட்டர்தான். நிறம் சரியாகக் காட்டும்படி கருவி வைத்து அளந்து அமைத்தது. வீட்டு லேப்டாப்பில் நான் திருத்திய அக்கா கல்யாணப் படங்கள் பிரிண்டில் முகமெல்லாம் மஞ்சளடித்துப் போய் வந்தன, இங்கே திருத்திய நாரைப் படம் திரையில் பார்த்த மாதிரியே வந்தது.

துறை விழாவுக்கு போஸ்டர் செய்ததையும் சொல்ல வேண்டும். போட்டோஷாப்பில் 'பொங்கல்' என்று அடித்தால் 'பொ' பிய்ந்துபோய், கொம்பு 'ப'வுக்குப் பின்னால் நின்றது. தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் இருந்த விஸ்காம் தங்கச்சி காட்டிக்கொடுத்தாள். ஜிம்ப்பில் அந்த வேலையே இல்லை, யூனிகோடில் அடித்ததும் நேராக வந்தது. அந்த ஜிம்ப்பே 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு மாணவர்கள் தொடங்கியதாம், கேட்டதும் ரொம்பப் பிடித்துப்போனது.

குறை இருக்கிறது. மாலை 3.30 முதல் 5.30 வரைதான் திறப்பு. களக்காடு, அம்பை பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் எப்படி உட்காருவார்கள்? மதியச் சாப்பாட்டு நேரத்திலாவது திறக்கலாம். அளந்து அமைத்த மானிட்டர் இரண்டே இரண்டு, வெள்ளிக்கிழமையானால் வரிசைதான். ஆடியோ எடிட்டிங்குக்குக் கொடுக்கும் ஹெட்போனில் ஒரு காது கேட்காது. இதையெல்லாம் விட எனக்கு ஆதங்கம், முதல் வருடம் சேரும்போது யாருமே இப்படி ஒரு இடம் இருப்பதாகச் சொல்லாததுதான்.

போகிறவர்கள் பென்டிரைவ் கொண்டுபோங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் அழித்துவிடுவார்கள், என் நண்பனுடைய குறும்படம் பாதி அப்படித்தான் போனது.