‘ஒரு ஓட்டை போட்டால் உட்கார்ந்துவிடும்’: ஸ்கேல் டிரக் சேஸி வாங்கி ஏமாந்த கதை

ஆர்சி கிராலரை (ரிமோட்டில் ஓடும், பாறை ஏறும் மாடல் வண்டி) ஸ்கேல் டிரக்காக (பார்க்க நிஜ வண்டி மாதிரியே இருக்கும் சின்ன மாடல்) மாற்ற யாராவது சேஸி, அதாவது அடிச்சட்டம், தேடிக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். பெரும்பாலும் என்னை ஏமாற்றிய கதை, கொஞ்சம் நானே ஏமாந்த கதையும் உண்டு.

என்னிடம் இருந்தது ஒரு பழைய கிராலர். 2.2 இன்ச் ரிம், குழாய்க் கூண்டு மாதிரி உடம்பு, வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரம்) 350 மி.மீ.க்கு மேல். பாறை ஏறுவதில் குறையே சொல்ல முடியாது, ஆனால் பார்க்க எட்டுக்கால் பூச்சி மாதிரி இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது கதவு, கண்ணாடி, பின்தொட்டி எல்லாம் வைத்த ஒரு பிக்கப். ஆசை தாங்காமல் கெட்டிப் பிளாஸ்டிக் பாடியை முதலில் வாங்கிவிட்டேன், அது 287 மி.மீ. வீல்பேஸுக்கு வார்த்தது. கிராலரில் இருக்கும் கியர்பாக்ஸ், மோட்டார், ஆக்சில் எல்லாவற்றையும் கழற்றி ஏணி மாதிரி இரண்டு ரெயில் வைத்த ஒரு லேடர் ஃப்ரேமில் ஏற்றிவிட்டு மேலே இந்தப் பாடியை வைத்தால் வண்டி ரெடி என்பதுதான் திட்டம்.

இங்கே ஒரு விஷயம். 1/10 (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒரே அளவு என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. நிஜ லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110-ன் வீல்பேஸ் 2794 மி.மீ., பத்தால் வகுத்தால் 279 வர வேண்டும், ஆனால் 2017-ல் வந்த டிராக்ஸாஸ் டிஆர்எக்ஸ்-4 டிஃபெண்டர் ஆர்சி மாடலுக்கு 324. ஆக்ஸியல் கம்பெனியின் எஸ்சிஎக்ஸ்10 மாடல் வகையறாவில் பெரும்பாலும் 313, அதனால் சந்தையில் நிறைய பாடி 313-க்கே வருகிறது. நான் வாங்கி வைத்திருந்தது 287. வித்தியாசம் 26 மி.மீ.தானே என்று தோன்றும். இந்தப் பாடியை 313 சேஸியில் வைத்து, பின்சக்கரம் வீல் ஆர்ச்சுக்கு நடுவில் உட்காராமல் அந்த 26 மி.மீ. பின்னால் தள்ளி நிற்பதைப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிது என்று தெரியும்.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஸ்டீல் ரெயில், வீல்பேஸ் 275 முதல் 324 வரை மாற்றிக்கொள்ளலாம், எந்தக் கியர்பாக்ஸும் எந்த ஆக்சிலும் பொருந்தும், சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) ஃப்ரேமிலேயே உட்காரும். படத்தில் இருந்த சேஸி அவ்வளவு அழகு. விற்றவரிடம் மூன்று கேள்வி கேட்டேன்: என் கியர்பாக்ஸ் ஸ்கிட் பிளேட்டில் (ஃப்ரேமின் அடியில் கியர்பாக்ஸ் உட்காரும் தட்டு) உட்காருமா, 2.2 கிராலர் ஆக்சில் போடலாமா, 287 உறுதியாக வருமா. மூன்றுக்கும் ஒரே பதில், “பொருந்தும் ப்ரோ.” கியர்பாக்ஸ் என்ன மாடல் என்று அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெட்டி வந்தது. ரெயிலைக் கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்தது, ஸ்டீலுக்கு உள்ள எடை இல்லை. ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தேன், ரெயிலில் எந்த இடத்திலும் ஒட்டவில்லை, ஸ்க்ரூ தலைகளில் மட்டும் டக் டக்கென்று ஒட்டியது. கறுப்புப் பெயின்ட் அடித்த அலுமினியம். அலுமினியத்தில் நல்ல சேஸியும் உண்டு, அதில் தப்பில்லை, ஆனால் இது இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினால் துணி பிழிகிற மாதிரி முறுகியது. கெட்டிப் பிளாஸ்டிக் பாடி ஏற்கெனவே மெல்லிய லெக்ஸான் பிளாஸ்டிக் பாடியைவிட நல்ல கனம், அதைத் தாங்குகிற ஃப்ரேமும் இப்படி நெளிந்தால் பாடி மவுண்ட்தான் முதலில் விரிசல் விடும்.

சரி, வந்தது வந்துவிட்டது, பார்ப்போம் என்று லிங்க்குகளை (ஆக்சிலை ஃப்ரேமோடு இணைக்கும் கம்பிகள்) மாட்டி வீல்பேஸ் அளந்தேன். இடது பக்கம் ஆக்சில் நடுவிலிருந்து நடுவுக்கு 287. வலது பக்கம் 290-ஐத் தாண்டியது. லிங்க் நீளத்தில்தான் கோளாறு என்று நினைத்து இடது லிங்க்கை வலதுக்கும் வலது லிங்க்கை இடதுக்கும் மாற்றிப் போட்டேன், அப்போதும் வலதுதான் நீளம். ஆக, ரெயிலிலேயே ஓட்டை தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அப்படியே விட்டால் ஆக்சில் கோணலாகத்தான் நிற்கும், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி ஒரு பக்கமாகவே நடக்கும்.

அடுத்தது கியர்பாக்ஸ். ஸ்கிட் பிளேட்டில் நான்கு ஓட்டையில் ஒன்றுகூட நேருக்கு வரவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். அவர் உடனே, “ஒரு ஓட்டை போட்டால் உட்கார்ந்துவிடும் ப்ரோ, எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்” என்றார். நானும் 3 மி.மீ. பிட் எடுத்து ஓட்டை போட்டேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கியர்பாக்ஸ் உட்கார்ந்தது என்னவோ உண்மை. ஆனால் கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலைச் சுழற்றும் டிரைவ்ஷாஃப்ட், 350-க்கு மேல் இருந்த வண்டியுடையது, 287-க்கு எப்படி வரும்? 60 மி.மீ.க்கு மேல் இடம் குறைந்துவிட்டது, ஷாஃப்டை முழுக்க உள்ளே தள்ளியும் மாட்ட முடியவில்லை. குட்டை ஷாஃப்ட் தனியாக வாங்கிப் போட்டால், பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறி ஆக்சில் மேலே போகும்போது அது முட்டி நின்று கியர்பாக்ஸைத் தள்ளுகிறது. இதை விற்றவர் தலையில் கட்ட மாட்டேன், அளந்து பார்த்திருக்க வேண்டியது நான்.

ஆக்சில் அகலம் அப்படி இல்லை, அதைத் தெளிவாகக் கேட்டிருந்தேன். 2.2 கிராலரின் ஆக்சில் அகலமானது, பிக்கப் பாடிக்குக் கீழே வைத்தால் டயர் முழுசாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. கேட்டதற்கு, டயரை உள்ளே தள்ளி வைக்கும் ஆஃப்செட் ரிம் போடச் சொன்னார். போட்டேன். டயர் உள்ளே வந்தது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் ரிம் நக்கிளில் (ஆக்சில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் பாகம்) உரசியது.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் வந்தது ஸ்டியரிங்கில்தான். சர்வோவை ஆக்சில் மேலே வைக்காமல் ஃப்ரேமில் வைத்தால் பார்க்க நிஜ வண்டி மாதிரி இருக்கும், ஸ்கேல் வண்டிக்கு அதுதான் அழகு. ஆனால் அதற்கு ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு பன்ஹார்ட் ராட் வேண்டும், அதுவும் சர்வோவிலிருந்து வரும் டிராக் லிங்க்கும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ஆக்சில் ஒரு கணக்கில் நகரும், லிங்க் வேறு கணக்கில் இழுக்கும். இந்த சேஸியில் பன்ஹார்ட் பிராக்கெட்டை எங்கேயோ கீழே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வண்டியின் முன்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தினேன். ரிமோட்டைத் தொடவே இல்லை, இரண்டு சக்கரமும் மெதுவாக இடது பக்கம் திரும்பின. கையை எடுத்தேன், மறுபடி நேராக வந்தன. நான்கைந்து முறை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோதுதான் அந்த ஓட்டையின் அருமை புரிந்தது. “நீங்கள் ஓட்டை போட்டிருக்கிறீர்களே ப்ரோ, மாடிஃபை செய்த பொருளைத் திருப்பி எடுக்க முடியாது.” போடச் சொன்னதே நீங்கள்தானே என்று மேலே போய்த் தேடினேன், அவருடைய அந்த வரி இருந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று இருந்தது. நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. விளம்பரத்தையும் எடுத்து வைக்கவில்லை.

அதனால் யாரிடம் வாங்கினாலும் சரி, சேஸியின் இரண்டு பக்கமும் அளவுகோல் வைத்து ஒரு படம், ரெயிலில் காந்தம் வைத்து ஒரு படம் கேளுங்கள். நேர்மையாக விற்கிறவருக்கு அது இரண்டு நிமிட வேலை. உங்கள் கியர்பாக்ஸின் ஓட்டைகளைக் காகிதத்தில் குறித்து, அளவோடு அவருக்கு அனுப்புங்கள். பொருந்தும் என்றால் எந்த ஓட்டையில் பொருந்தும் என்று கேளுங்கள். பொருள் வந்ததும் அளந்து முடிக்கும்வரை டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள், யார் சொன்னாலும் சரி.

இன்னொன்று, இது என் சொந்த அபிப்பிராயம்: 2.2 கிராலரிலிருந்து ஸ்கேல் டிரக்குக்கு எடுத்துப்போகத் தகுந்தது மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, சர்வோ, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், அவ்வளவுதான். ஆக்சில், கியர்பாக்ஸ், ஷாஃப்ட் எல்லாம் அந்த நீள அகலத்துக்காகப் பிறந்தவை. கடைசியில் நான் ஆக்சிலும் கியர்பாக்ஸும் சேர்ந்தே வந்த ஒரு பழைய லேடர் ஃப்ரேம் வண்டியை, வாங்குவதற்கு முன்பே விற்றவர் அளந்து காட்டிய வண்டியை வாங்கி அதில்தான் பாடியை ஏற்றினேன். கிராலர் மறுபடி கிராலராகவே ஆகிவிட்டது.

அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நேற்றுகூடப் பார்த்தேன். அதே படம், அதே ‘எந்தக் கியர்பாக்ஸும் பொருந்தும்’. ‘ஸ்டீல் ரெயில்’ மட்டும் ‘மெட்டல் ரெயில்’ ஆகியிருக்கிறது.