பார்சல் அனுப்ப ஸ்பானிஷ்: காட்பாடி வகுப்பு எப்படி?

எனக்கு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் அனுப்பும் வேலை. ஸ்பெயினில் எல்ச்சே என்று ஓர் ஊர், நம் ஆம்பூர் மாதிரி செருப்புக்குப் பேர்போனது, அங்கே மாதம் இரண்டு மூன்று பார்சல் போகும். போன வருடம் ஒன்று திரும்பி வந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். முகவரியில் 3 போட்டு அதன் தலையில் குட்டியாக ஒரு சுழி, பக்கத்தில் நாலு எழுத்து இருந்தது, டைப்பிங் பிழை என்று நினைத்து லேபிளில் எழுதாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது மாடி, இடது பக்கக் கதவு என்று அர்த்தமாம். மேனேஜர் பார்த்த பார்வையில்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

காந்தி நகரில் ஒரு வீட்டு மாடி. பத்து ஞாயிறு, 2,500 ரூபாய். திருவலம் வழியாகப் பஸ் பிடித்துப் போய் வருவதற்குள் பாதி நாள் போய்விடும். முதல் நான்கு வாரம் வணக்கம், நலமா, காபி கொடுங்கள், இதுவேதான். வெளிநாட்டில் படிக்கப்போகிற பிள்ளைகளுக்கு அது சரி, எனக்குக் கொட்டாவி வந்தது.

ஐந்தாவது வாரம் திரும்பி வந்த அந்த லேபிளையே மேடத்திடம் நீட்டினேன். அன்றைக்கு மொத்த வகுப்பும் அதுதான், கொடுத்த காசுக்கு அந்த ஒரு நாளே ஈடாகிவிட்டது. இஸ்கியெர்தா இடது, தெரேச்சா வலது. பொலீகொனோ என்றால் தொழிற்பேட்டை, அதற்குள் வரும் நாவே ஷெட். நாவே என்றால் கப்பலும்தானாம், எனக்கு உடனே நம் நாவாய் ஞாபகம் வந்தது. ஐந்து இலக்க பின்கோடு ஊர்ப்பெயருக்கு முன்னால் வரும், முதல் இரண்டு இலக்கம் மாகாணம், எல்ச்சே இருக்கும் அலிகாந்தேவுக்கு 03. முன்னால் வரும் பூஜ்யத்தை எக்செல் ஷீட் தானாக நீக்கிவிடும், எங்களுடையது எத்தனை முறை தின்றிருக்கிறதோ!

தபாலுக்குக் கொறேயோ. நடுவில் நல்ல அழுத்தமான ற வர வேண்டும், நாம்தான் பேச்சில் ர, ற இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோமே, திணறினேன். ஸ்டாம்ப் ஸ்பெயினில் செய்யோ, மெக்சிகோவில் திம்ப்ரே. என் தொழிலுக்கு உயிரான வரி "முவெஸ்த்ரா சின் வலோர் கொமெர்சியால்", வணிக மதிப்பில்லாத சாம்பிள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பார்சல் அனுப்ப ஸ்பானிஷ் தெரிந்தே ஆக வேண்டும் என்றில்லை. சுங்கப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பலாம். கடைசி வரியில் நாட்டின் பெயரையும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், அதைப் பார்த்துப் பிரிப்பவர்கள் இங்கே இருப்பவர்கள். முகவரியில் எதை வெட்டக்கூடாது என்று தெரிய இருபது சொல் போதும். அதற்காக மட்டும் என்றால் பத்து வாரம் அதிகம். அச்சிட்ட பாடம் எதுவும் தருவதில்லை, எல்லாம் போர்டைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கீழே பட்டறைச் சத்தம் வேறு. மேடம் மட்டும் எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்லித்தருகிறார். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

போன மாதம் பார்சல் வந்துவிட்டதா என்று ஸ்பானிஷிலேயே இரண்டு வரி மெயில் போட்டேன். எனக்கு மொழி தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்குப் பதில் அனுப்பிவிட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி காந்தி நகர் மாடிக்குத்தான் போனேன்.