மண்டபத்துச் சாப்பாட்டு வண்டியா, மலைக் கிராமத்துச் சாமை மில்லா?

பசிக்கும் சுற்றுச்சூழலுக்கும் சேர்த்து ஏதாவது செய்யலாம் என்று வரும் அறக்கட்டளைகளுக்கும் நிறுவனங்களுக்கும் தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று, கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சாப்பாட்டைக் காப்பகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வண்டி. இன்னொன்று, கொல்லிமலை போன்ற இடங்களில் சிறுதானியத்துக்கு உமி நீக்கும் மில்.

வண்டியின் பலம் வேகம். இன்று பணம் கொடுத்தால் இந்த முகூர்த்தத்துக்கே ஓடும். பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பைமேடுகளில் சாப்பாடு காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். அந்த அளவுக்கு இது சுற்றுச்சூழல் வேலையும்தான்.

ஆனால் வேலை நுணுக்கமானது. இலையில் பரிமாறியதைத் தொடக்கூடாது. அண்டாவில் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், பால் பாயசம் மூன்றையும் முதலிலேயே மறுத்துவிடுவது நல்லது. சாதமும் சாம்பாரும் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே மூடி ஏற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வெதுவெதுப்பாகக் கிடந்த சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. "சுடவைத்துக் கொடுத்துவிடலாம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2019 விதிமுறைப்படி, பகிர்ந்தளிக்கும் அமைப்பு பதிவு செய்திருக்க வேண்டும். பொட்டலத்தில் 'விற்பனைக்கல்ல' என்ற குறிப்பும் வேண்டும். பெரும்பாலும் சொதப்புவது நேரத்தில்தான். கடைசிப் பந்தி முடிந்து இரவு பத்தரைக்கு மண்டபத்திலிருந்து போன் வரும். காப்பகத்தில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். கடைசிப் பந்திக்கு இலை போடும்போதே சமையல் மாஸ்டர் அளவைச் சொல்லிவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

தீராத சிக்கல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. தையிலும் வைகாசியிலும் குவியும் சாப்பாடு, ஆடியிலும் மார்கழியிலும் ஏறக்குறைய நின்றுவிடும். பசி நிற்காது. என்ன சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் வாங்குகிறவரிடம் இல்லை. இதை நிவாரணம் என்று சொல்லலாம். உணவு நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மில்லின் கதை வேறு. கொல்லிமலையில் சாமையும் தினையும் குறைந்து மரவள்ளி பரவியதற்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் தந்த ரொக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் உரலும் உலக்கையும்: ஒருவேளைச் சாமைச் சோற்றுக்காகப் பெண்கள் மணிக்கணக்கில் குத்திப் புடைக்க வேண்டியிருந்தது. ரேஷன் அரிசியோ அப்படியே உலையில் போடலாம். 2011 முதல் அது விலையில்லாமலும் கிடைக்கிறது. அந்த உழைப்பைக் குறைக்கத்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதை வங்கிகளோடு அரவை இயந்திரங்களையும் கொண்டுவந்தது. சரிவு நிலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டினால் மண் இளகி மழையில் போய்விடும். சாமை மானாவாரி, உரமும் அதிகம் கேட்காது. ஆனால் ரொக்கத்தில் மரவள்ளிக்கு ஈடாகாது, அதை மறைத்து யாரையும் மாறச் சொல்லக்கூடாது.

கேழ்வரகுக்கு உமி நீக்க வேண்டாம், மாவு மில் போதும். சாமை, தினை, வரகு போன்றவற்றுக்குத்தான் இயந்திரம். கல் பொறுக்கி, சல்லடை, உமி நீக்கி, உமியை ஊதித் தள்ளும் காற்றாடி, நான்கும் வேண்டும். நன்கொடையாளர் உமி நீக்கியை மட்டும் வாங்கித் தந்தால், அளவு பிரிக்காத தானியத்தில் பொடிமணி உமியோடு தங்கும், பெருமணி உடையும். ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். சரியாக ஓடினால் 100 கிலோ தானியத்துக்கு 60 முதல் 70 கிலோ உமி நீங்கிய அரிசி தேறும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே தேவைக்கேற்ப அரைக்க வேண்டும். மலையில் மும்முனை மின்சாரம் வருகிறதா, வோல்டேஜ் நிற்கிறதா என்று பார்க்காமல் மோட்டாரை இறக்கிவிட்டால் சுருள் கருகும்.

ஓராண்டுக்கு மட்டும் பணம் என்றால் வண்டிக்கே கொடுங்கள். மூன்றாண்டு நிற்க முடிந்தால் மில். என் ஓட்டு அதற்குத்தான்.

இரண்டும் முடங்குவது ஒரே இடத்தில். வண்டி வாங்கித் தருவார்கள், ஓட்டுநர் சம்பளம் தர மாட்டார்கள். மில் திறப்பார்கள், அறுவடைக் காலத்தில் சாமை கொள்முதல் செய்ய நடைமுறை மூலதனம் இருக்காது. உமி நீக்கியில் தேய்ந்த ரப்பர் உறையை மாற்றக்கூடக் காசு இருக்காது. நிறுவனங்கள் இதற்குச் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியின் 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பைக் காரணம் சொல்கின்றன. அந்த வரம்பு நிறுவனத்தின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவுக்கு அது பொருந்தாது. தொடர் திட்டமாக அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மேலும் மூன்றாண்டு வரை செலவிடலாம். மிஞ்சும் தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றினால் போதும். ஒப்பந்தத்தில் இயந்திரத்தின் விலைக்குக் கீழேயே இயக்குபவர் சம்பளம், உதிரிபாகம், கொள்முதல் பணம் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.