ரெட்ரோ கன்வெர்ட்டிபிள்களில் எது? கூரையை வைத்து ஒரு அலசல்

கன்வெர்ட்டிபிள் என்றாலே விளம்பரத்தில் கூரையை இறக்கிவிட்டுத்தான் காட்டுவார்கள். கடற்கரைச் சாலை, வெயில், காற்றில் பறக்கும் முடி. மிச்சிகனில் பதினைந்து வருஷமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கே அந்தக் காட்சி மே மாதக் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும், நடுவில் மழை நாட்கள் வேறு. மீதி நேரமெல்லாம் கூரை மூடித்தான் கிடக்கும். அதனால் எந்த ஓபன் கார் நல்லது என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது கூரையைத்தான். மூடியிருக்கும்போது கார் எப்படி இருக்கிறது, திறந்தால் அந்தக் கூரை எங்கே போகிறது, போன இடத்தில் எதைத் தின்றுவிடுகிறது?

1990களின் பிற்பகுதியில் தொடங்கி ஒரு பத்து வருஷம், டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் (ஃபோர்ட், ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர்) பழைய காலத்து உருவத்தைப் புதுக் காருக்குள் கொண்டுவருவதில் மும்முரமாக இருந்தன. அந்தக் காலத்தில் வந்த ஐந்து ஓபன் கார்களைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: பிளிமத் பிரௌலர் (பிளிமத் கிரைஸ்லரின் ஒரு பிராண்டு), கிரைஸ்லர் பி.டி. குரூஸர், செவர்லே எஸ்.எஸ்.ஆர், 2005இல் வந்த ஃபோர்ட் மஸ்டாங், அப்புறம் ஃபோர்ட் தண்டர்பேர்ட். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூ ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஐந்தையும் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். 1995இல் தொடங்கிய அந்தக் கார் ஊர்வலத்துக்கு நான் போகாத வருஷம் குறைவு.

முதலில் பிரௌலர். 1993 டெட்ராய்ட் ஆட்டோ ஷோவில் மாதிரி வண்டியாக வைத்தார்கள், 1997இல் விற்பனைக்கே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் கலிஃபோர்னியா இளைஞர்கள் 1930களின் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, பெரிய எஞ்சினைத் திணித்து ஓட்டினார்கள். ஹாட் ராட் என்று பெயர். பிரௌலர் நினைவுபடுத்துவது அந்த வண்டிகளை. அப்போதைய கிரைஸ்லரின் வடிவமைப்புத் தலைவர் டாம் கேல் ஹாட் ராட் பிரியர்தான். முன்சக்கரம் இரண்டும் உடலைவிட்டு வெளியே தனியாக நிற்கும், பானட் படகு மூக்கு மாதிரி குறுகிக்கொண்டே போகும், முன்னால் 17 அங்குலச் சக்கரம், பின்னால் 20 அங்குலம். அந்தக் காலத்தில் கடையில் விற்ற காரில் 20 அங்குலச் சக்கரம் என்பது பெரிய விஷயம். சட்டகத்திலும் உடலிலும் பெரும்பகுதி அலுமினியம், கியர்பாக்ஸைப் பின்னால் கொண்டுபோய் வைத்து எடையை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிசமமாகப் பிரித்திருந்தார்கள், மொத்த எடை 1,300 கிலோவை ஒட்டித்தான். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரை ஸ்டீயரிங் தண்டின் மேலேயே பொருத்தியிருப்பார்கள், பழைய ஹாட் ராட்காரர்கள் கட்டியது போலவே. இவ்வளவும் செய்துவிட்டு உள்ளே வைத்தது ஆறு சிலிண்டர் வி6. முதல் வருஷம் 214 குதிரைத்திறன், 1999இலிருந்து 253. எட்டு சிலிண்டர் வி8 இல்லையே என்று இன்றுவரை புலம்புகிறார்கள், ஆனால் அவ்வளவு எடை குறைந்த காருக்கு 253 போதும் என்பது என் கருத்து.

சிக்கல் கூரையில். துணிக்கூரை, கையால் இழுத்து மடிக்க வேண்டும். மடித்து உள்ளே வைத்த பிறகு டிக்கியில் மிஞ்சுவது ஒரு தோள்பைக்கான இடம். ஸ்டெப்னி கிடையாது, காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்தான். சாமான் வைக்க இடமில்லை என்பது கம்பெனிக்கே தெரிந்ததால், காரின் பின்பக்கம் மாதிரியே செய்த ஒரு குட்டி டிரெய்லரைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள்! கூரையை மூடிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் வேறொரு வண்டியின் தொப்பியைக் கொண்டுவந்து கவிழ்த்தது போல இருக்கும். திறந்த நிலைக்காக மட்டுமே வரைந்த கார் இது, அந்த நிலையில் ஐந்திலும் இதுதான் அதிகம் கண்ணை இழுக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். உட்வர்டில் இது வந்தால் குழந்தைகள் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும். 2002 தொடக்கத்தில் நிறுத்தும்வரை மொத்தம் 11,702தான் செய்தார்கள். ஆசைக்கு வாங்கலாம், ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கோடையை ஓட்ட முடியாது.

பி.டி. குரூஸரைக் கிண்டல் செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1930களின் கார்களை ஒத்த உருவம், ஆனால் எந்த ஒரு காரின் நகலும் இல்லை. கன்வெர்ட்டிபிள் 2005 முதல் 2008 வரை வந்தது, விலை 20,000 டாலரை ஒட்டி ஆரம்பித்தது. அந்த விலைக்கு நான்கு பேர் உட்காரும் ஓபன் கார் கொடுத்ததே நல்ல காரியம். நடுவில் கதவுக்குப் பின்னால் ஒரு வளைவு குறுக்கே போகும், கூரையை இறக்கினாலும் அது அப்படியே நிற்கும், பார்த்தால் கைப்பிடி வைத்த பூக்கூடை. அழகுக்காக வைத்ததில்லை அது. கூரையை வெட்டினால் காரின் உடல் தளர்ந்துபோகும், மேடுபள்ளத்தில் கண்ணாடிச் சட்டம் ஆடும், அந்த ஆட்டத்தைக் குறைக்கத்தான் அந்த வளைவு. ஆனால் மடித்த துணிக்கூரை முழுசாக உள்ளே போகாது, பின்சீட்டுக்குப் பின்னால் மூட்டை போல உயர்ந்து நிற்கும், ரிவர்ஸ் எடுக்கும்போது அதுதான் தெரியும், சாலை தெரியாது. எஞ்சின் 2.4 லிட்டர், டர்போ இல்லாததை வாங்காதீர்கள்.

எஸ்.எஸ்.ஆர் பற்றிச் சொல்லும்போது நியாயமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கூரை என்ற கணக்கில் பொறியியல் பரிசு இதற்குத்தான். 1940களின் கடைசியில் வந்த செவர்லே பிக்கப்பின் முகமும் உருண்ட மட்கார்டும் அப்படியே, ஆனால் கூரை இரும்பு. பட்டனை அழுத்தினால் இரண்டு துண்டாகப் பிரிந்து, சீட்டுக்குப் பின்னால், அலமாரியில் புத்தகத்தை நிறுத்துகிற மாதிரி செங்குத்தாகப் போய் நின்றுகொள்ளும். பின்னால் இருக்கும் சாமான் தொட்டியை ஒரு அங்குலம்கூடத் தொடாது. மூடியிருந்தாலும் இது ஒரு முழுமையான பிக்கப், எதுவும் குறைந்தது போலத் தெரியாது. 2003, 2004இல் 5.3 லிட்டர் வி8, 300 குதிரைத்திறன். வண்டியின் எடையோ 2,100 கிலோவுக்கு மேல், அடியில் இருப்பது டிரெயில்பிளேஸர் எஸ்யூவியின் சேஸி, பாவம் எஞ்சின் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். 2005இல் 6 லிட்டர், 390 குதிரைத்திறன் எஞ்சினும் விரும்பினால் ஆறு கியர் மேனுவலும் கொடுத்த பிறகுதான் அந்த உருவத்துக்கேற்ற வேகம் வந்தது. வாங்கினால் 2005, 2006 மட்டும்.

இருந்தும் எனக்கு இது ஒட்டவில்லை. அந்தப் பழைய பிக்கப் வைக்கோல் ஏற்றியது, சிமென்ட் மூட்டை ஏற்றியது. இதன் தொட்டியில் ஒரு கூடை ஈர மண்ணைக் கொட்ட யாருக்கும் மனசு வராது. அப்புறம், ஓட்டும்போது உயரமாக உட்கார்ந்திருக்கிறோம், திருப்பங்களில் அந்த எடை தெரிகிறது. 42,000 டாலருக்கு மக்கள் தயங்கினார்கள், சுமார் 24,000 வண்டிகளோடு 2006இல் நின்றுவிட்டது.

மஸ்டாங் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். புத்தியுள்ள தேர்வு இதுதான். பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், ஜிடி மாடலை எடுத்தால் 4.6 லிட்டர் வி8, 300 குதிரைத்திறன், பின்சீட்டில் குழந்தைகளை ஏற்றலாம். பின்னால் ஒரே துண்டு ஆக்ஸில் என்று குறை சொல்வார்கள், மோசமான சாலையில் மட்டும் அது தெரியும். எனக்கு உறுத்துவது வேறு. 2005 மஸ்டாங்கின் அழகு முழுக்க 1960களின் பிற்பாதியில் வந்த ஃபாஸ்ட்பேக்கிலிருந்து எடுத்தது. கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்கும் அந்தக் கோடு, பக்கவாட்டில் குட்டி முக்கோணக் கண்ணாடி. கன்வெர்ட்டிபிளாக்கும்போது வெட்டி எறிவது அதைத்தானே! 1964 ஏப்ரலில் முதல் மஸ்டாங் வந்தபோது கன்வெர்ட்டிபிள் உண்டு, ஃபாஸ்ட்பேக்தான் சில மாதம் கழித்து வந்தது என்று யாராவது சொல்லலாம், உண்மைதான். ஆனால் 2005 கார் நினைத்துப் பார்ப்பது அந்த 1964 ஓபன் காரை இல்லை. இந்தக் காரை வாங்குவதானால் கூரையோடு, கூபேயாக வாங்குங்கள்.

கடைசியாக, என் தேர்வு. தண்டர்பேர்ட்.

இதைப் புரிந்துகொள்ள 1956க்குப் போக வேண்டும். 1955இல் வந்த முதல் தண்டர்பேர்ட் இரண்டு சீட், கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை, அதாவது ஹார்ட் டாப். முதல் வருஷமே 16,000க்கு மேல் விற்றது, அதே வருஷம் செவர்லே கார்வெட் எழுநூறுதான். ஆனால் ஹார்ட் டாப்பை மாட்டினால் பின்பக்க மூலைகள் தெரியவில்லை என்று ஓட்டியவர்கள் குறைப்பட்டார்கள். அடுத்த வருஷம் ஃபோர்ட் அந்தக் கூரையின் இரண்டு பக்கமும் கப்பல் ஜன்னல் போல வட்டமாக ஒரு கண்ணாடி வைத்துக் கொடுத்தது. ஒரு குறையைச் சரிசெய்யப் போட்ட ஓட்டைதான், பிற்பாடு அதுவே அந்தக் காரின் முகவரி ஆகிவிட்டது.

2002 மாடலாகத் திரும்பி வந்தபோது ஜே மேஸ் ஃபோர்டின் வடிவமைப்புத் தலைவர். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் புது உருவில் வரக் காரணமான மாதிரி வண்டியை வரைந்தவர்களில் ஒருவர் அவர். முட்டைத் தட்டு போன்ற கிரில், பானட்டில் காற்று மூக்கு, வட்ட விளக்கு, அந்த வட்ட ஜன்னல் எல்லாம் இருந்தன. கடைக்கு வருமுன்னே நீமன் மார்கஸ் என்ற ஆடம்பரக் கடை தன் கிறிஸ்துமஸ் பட்டியலில் போட்ட 200 கார்கள் இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்தன.

எங்கள் தெருவில் தொழிற்சாலைக்கு அச்சும் கருவியும் செய்து ஓய்வுபெற்ற டூல் அண்ட் டை தொழிலாளி ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், 2003 தண்டர்பேர்ட் வைத்திருக்கிறார், சிவப்பு. ஹார்ட் டாப்பை ஒரு ஆளால் தூக்க முடியாது, அதனால் வருஷத்தில் இரண்டு முறை என்னைக் கூப்பிடுவார். கொக்கிகளை விடுவித்த பிறகு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நேராக மேலே தூக்கி, சின்ன அடியாக வைத்துப் பின்னால் நகர வேண்டும். முப்பத்தைந்து கிலோவுக்கு மேல், ஆனால் எடையைவிட அகலம்தான் சிரமம், பெயின்ட்டில் உரசினால் போச்சு. கராஜில் சக்கரம் வைத்த தாங்கியில் அதைச் செங்குத்தாக நிறுத்திப் பழைய போர்வை போர்த்துவார். ஆறு மாதம் அது அங்கே, காருக்குத் துணிக்கூரை, அது பட்டனில் இறங்கி டிக்கியைத் தொடாமல் சீட்டுக்குப் பின்னால் அடங்கிவிடும். குளிர் வரும்போது மறுபடி ஹார்ட் டாப். போன நவம்பரில் மாட்டி முடித்ததும் என்னையே ஓட்டச் சொன்னார். நெடுஞ்சாலையில் லேன் மாறத் தலையைத் திருப்பினேன். அந்த வட்டத்துக்குள் பக்கத்து லேனில் வந்த லாரியின் சக்கரம் கச்சிதமாகத் தெரிந்தது. 1956இல் எதற்காக வைத்தார்களோ அந்த வேலையை அது இன்னும் செய்கிறது.

பழையதை நினைவுபடுத்தும் ஒரு பொருள் வெறும் அலங்காரமாக நிற்காமல் வேலையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். இந்த ஐந்தில் அது எனக்குக் கிடைத்த இடம் அந்த ஒன்றரைச் சாண் கண்ணாடி. மூடியிருக்கும்போதுகூட அழகு கூடுகிற ஒரே கன்வெர்ட்டிபிள் இதுதான். எஸ்.எஸ்.ஆரில் குறையாது, இதில் கூடும்.

குறை இல்லாமல் இல்லை. வெளியே 1955, உள்ளே உட்கார்ந்தால் ஃபோர்டின் சொகுசு பிராண்டான லிங்கனின் எல்.எஸ். கார். இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று, அதனால் பட்டன்கள், ஏசி பெட்டி எல்லாம் அங்கிருந்து வந்தவை. இந்த விலைக்கு டேஷ்போர்டையாவது தனியாக வரைந்திருக்கலாம், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1,700 கிலோ காருக்கு 2002இல் 252 குதிரைத்திறன் மட்டும், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் தவிர வேறு வழியில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்று நினைத்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். இதை அப்படி ஓட்டக் கூடாது, அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போவதற்கான கார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: 2003 அல்லது அதற்குப் பிந்தையது பாருங்கள், வால்வ் டைமிங்கை மாற்றும் அமைப்பு வந்து 280 குதிரைத்திறன் ஆனது, வித்தியாசம் காலில் தெரியும். இந்த 3.9 லிட்டர் வி8இல் இக்னிஷன் காயில் போவது பலருக்கும் நடக்கிற ஒன்று, பிளக் குழிக்குள் எண்ணெய் கசிந்து இறங்குவதும் உண்டு, அதனால் எட்டு காயிலையும் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறையுங்கள். ஹார்ட் டாப் அப்போது கூடுதல் விலைக்குக் கொடுத்த பாகம், எல்லாரும் வாங்கவில்லை, தனியாகத் தேடி அதே நிறத்தில் பிடிப்பது பெரும்பாடு. அதோடு விற்கிறேன் என்று சொன்னால், கராஜில் மூலையில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய் மாட்டிப் பாருங்கள், கொக்கி சரியாக விழுகிறதா, வட்டக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மழை பெய்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது.